எந்த ஆகஸ்ட் 15, ஆயா?

ராயபுரம், காசிமேடு பக்கம் தொண்ணூறைத் தொட்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யப் போய் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த நாளைப் பற்றிக் கேட்டால் விளக்கு, பட்டாசு, மிட்டாய் என்று கொட்டுவார்கள். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஜப்பான் பணிந்த செய்தி வந்தது 1945 ஆகஸ்ட் 15. சுதந்திரம் 1947 ஆகஸ்ட் 15. அன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தவருக்கு இத்தனை வருஷத்தில் ரெண்டும் ஒட்டிப்போயிருக்கும்.

தேதியைக் கேட்டுப் பயனில்லை, கிழமையைக் கேளுங்கள். 1945-இல் புதன். 1947-இல் வெள்ளி, அதுவும் கடைசி ஆடி வெள்ளி. "அம்மன் கோயில்ல கூட்டம், அன்னிக்குத்தான் ஊரே கொண்டாடுச்சு" என்று ஆயா சொன்னால் அது சுதந்திரம். பஞ்சாங்கம் பார்க்கிற வீடென்றால் வருஷப் பெயரே போதும்: முன்னது பார்த்திப, பின்னது சர்வசித்து.

ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்தது 1945 மே 8, செவ்வாய், நல்ல கத்திரி வெயில். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள் என்ற நினைவு கோடை லீவில் பொருந்தாது. கொடியையும் கேளுங்கள்: யூனியன் ஜாக்கா, மூவர்ணமா? அந்த மே மாதம் நேருவும் படேலும் இன்னும் சிறையில், விடுதலை ஜூனில்தான். காங்கிரஸ் குடும்பத்தில் அந்தக் கொண்டாட்டத்தைப் பற்றிப் பேச்சே வராவிட்டால் மறதி என்று நினைக்காதீர்கள்.

பர்மாவில் உறவு இருந்த வீடுகளின் கணக்கே வேறு. ரங்கூன் 1942 மார்ச்சில் விழுந்து 1945 மே தொடக்கத்தில் மீண்டது. அவர்களுக்கு யுத்தம் முடிந்தது கடுதாசி வந்த அன்றைக்கு. என்னைக் கேட்டால் பட்டாசுக் கதையைவிட அந்தக் கடுதாசிதான் பதிவு செய்யவேண்டியது.

அடிக்கடி நேரும் இன்னொரு குழப்பம், எம்டன். "தாத்தா எம்டன் குண்டைப் பார்த்தார்" என்பார்கள். ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னையைச் சுட்டது முதல் உலக யுத்தத்தில், 1914 செப்டம்பர் 22. ஜப்பான் விமானம் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது 1943 அக்டோபர். தாத்தா பிறந்த வருஷத்தை வைத்துக் கழித்தால் எது என்று தெரிந்துவிடும்.

"பட்டாசு வெடிச்சாங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "அன்னிக்கு என்ன சமைச்சீங்க, எந்தத் தெரு வரைக்கும் போனீங்க?" என்று கேளுங்கள். பேச்சைப் பதிவு செய்யும் போனை ஸ்டூலில் வெறுமனே வைத்தால் அதிர்வு ஏறும். துண்டை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்குமேல் வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் போய் அதே கேள்வியைக் கேட்டால் மாறாமல் நிற்பது எது என்று புரியும். பிறகு பழைய சுதேசமித்திரன், தினமணி. மறுநாள் இதழையும் சேர்த்துப் புரட்டுங்கள்.

கடைசியாக அரிசி. யுத்தத்தோடு ரேஷனும் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் அங்கே ஒரு குறி போட்டு வையுங்கள். ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தது 1952-இல். அந்த நினைவு 1945-இலிருந்து வந்ததல்ல.