பொருள் இப்போது எங்கே இருக்கிறது?

மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்யும் குழுவில் போன வருடம் என்னையும் சேர்த்தார்கள். எனக்குச் சிறுவயதிலேயே போலியோ. காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிக் கருவி) போட்டு நடக்கிறவன். காது கேளாத நண்பர் ஒருவரும் பார்வையற்ற ஆசிரியை ஒருவரும் உடன் இருந்தார்கள்.

கொடுத்த படிவத்தில் கேட்டிருந்தது இவ்வளவுதான்: பொருள் கிடைத்ததா, திருப்தியா. இலவசமாக வந்ததை யார் குறை சொல்வார்கள்? அதுவும் கொடுத்த அலுவலரே பக்கத்தில் நிற்கும்போது! 'பொருள் இப்போது எங்கே இருக்கிறது, பார்க்கலாமா?' என்று ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னோம். அலுவலர் கூட வரக்கூடாது என்றும் சொன்னோம். உடனே சம்மதிக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, திட்டங்களைச் சமூகத் தணிக்கை (பயனாளிகளும் சேர்ந்து சரிபார்ப்பது) செய்யச் சொல்கிறது. இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு, கண்காணிப்பில் நாங்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்கிறது. ஆசிரியை இரண்டையும் மனப்பாடமாகச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தார்கள்.

வீல்சேர்கள் பல வீடுகளில் மடித்துச் சாத்தியிருந்தன. ஒன்றின் மேல் நெல் மூட்டை. ஓர் அக்காவுக்குக் கிடைத்த நாற்காலி அகலம் அதிகம். சக்கரத்தைக் கை எட்டவில்லை, வாசல்படியும் தாண்டவில்லை. அளவெடுத்தார்களா என்று கேட்டேன். "யாரு தம்பி அளவெடுத்தா? பேரு கூப்பிட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, வாங்கிட்டு வந்தோம்." பழைய பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'திருப்தி' என்று இருந்தது.

காது கேளாதவர்கள் வீட்டில் அம்மாவோ அண்ணனோ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள். எங்கள் நண்பர் நேராகச் சைகையில் பேச்சுக் கொடுத்தார். செவிக்கருவியில் இரைச்சல்தான் வருகிறது, பேச்சு புரியவில்லை, கழற்றிவிட்டேன் என்றாள் ஒரு பெண். தினமும் மாட்டிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போகிறாள் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அம்மா திகைத்துப்போனார். மனவளர்ச்சி குன்றியவர்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டுப் பார்த்தோம். அது பாதிதான் பலித்தது, இன்னும் நேரம் வேண்டும்.

கடைசி நாளில் பொன்னாடை போர்த்தினார்கள். மற்ற ஆய்வாளர்களுக்குத் தினப்படி உண்டே, எங்களுக்கு இல்லையா என்று கேட்டு வாங்கினோம். ஆட்டோவுக்கே பாதி போய்விட்டது, அது வேறு கதை.

அறிக்கை முதலில் ஆங்கிலத்தில், ஸ்கேன் செய்த பக்கங்களாக வந்தது. ஆசிரியையின் போன் அதைப் படிக்கவில்லை. தமிழில், போன் வாசிக்கக்கூடிய கோப்பாகக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். அளவெடுக்காமல் வீல்சேர் வழங்கக்கூடாது என்பது அதில் முதல் பரிந்துரை. அடுத்த முகாமுக்கு அளவெடுக்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேதி இன்னும் வரவில்லை.