காப்பி கட்டளை ஒன்றே போதும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சாம்பிள் பையருக்குப் போகும் முன் அதைப் படமெடுத்து வைப்பது வழக்கம். ஒவ்வொரு ஆடை வடிவத்துக்கும் கம்பெனி கொடுக்கும் ஸ்டைல் நம்பர் கேமராவுக்குத் தெரியாது என்பதால், கார்டிலிருந்து இறக்கும் படங்கள் யாவும் டிஎஸ்சி என்று தொடங்கி நான்கு இலக்க எண்ணில் முடியும் பெயர்களோடு வந்து சேரும். ஒவ்வொன்றாக எஃப்2 அழுத்திப் பெயர் மாற்ற உட்கார்ந்தால் சாம்பிள் பிரிவில் ஒருவருடைய அரை நாள் அதிலேயே போய்விடும். இதற்கென மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸின் நோட்பேடில் எழுதும் பத்து வரி பேட்ச் கோப்பு, அதாவது கணினி வரிசையாக நிறைவேற்றும் கட்டளைகளின் பட்டியல், போதும்.

என் மச்சானின் யூனிட்டுக்கு அப்படியொன்றை எழுதிக் கொடுத்தபோது, அங்கே படங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் முதலில் கேட்டது இதுதான்: "ஏனுங்ண்ணா, பேரு மாத்துனதுக்கப்புறம் பழைய படம் அப்படியே இருக்குமுங்களா?"

சரியான கேள்வி. பெயர் மாற்ற ரென் கட்டளை இருக்கிறது என்றாலும், அது மூலக் கோப்பின் மீதே கை வைக்கிறது. மேலும், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் சுழற்சிக்குள் ரென்னை வைத்து, பெயருக்கு முன்னால் ஒரு முன்னொட்டுச் சேர்க்கும்போது, சுழற்சி ஃபோல்டரைப் படித்துக்கொண்டே போவதால், பெயர் மாறிய கோப்பு புதிய கோப்பைப் போல மீண்டும் அதன் கண்ணில் பட்டு, ஒரே முன்னொட்டு இருமுறை ஒட்டிக்கொள்வதுண்டு. காப்பி கட்டளையிலோ, சேருமிடத்தில் வெறும் ஃபோல்டரைக் குறிக்காமல் புதிய பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால், நகலெடுப்பதும் பெயரிடுவதும் ஒரே வரியில் முடிகின்றன. மூலப் படமும் கார்டில் இருந்தபடியே இருக்கும். புதிய பெயரில் சேர்க்க வேண்டிய ஸ்டைல் நம்பரை செட் கட்டளை கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் பாதை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று. கட்டளைச் சாளரம் எனப்படும் கறுப்புத் திரையில் நேரடியாகத் தட்டச்சு செய்யும்போது, அதே பெயரில் கோப்பு இருந்தால் மேலெழுதலாமா என்று காப்பி கேட்கும். பேட்ச் கோப்புக்குள் இருந்து ஓடும்போது கேட்காமலே மேலெழுதிவிடும். கேமரா எண்களோ 9999 வரைதான் போகும், பிறகு 0001-க்குத் திரும்பும். இரண்டு கேமராக்கள் இருந்தால் ஒரே எண் இரண்டிலும் வரவே செய்யும். ஆகவே காப்பியோடு /-ஒய் என்ற குறியைச் சேர்ப்பது அவசியம். அதைச் சேர்த்தால் பேட்சுக்குள்ளும் அது நின்று கேட்கும்.

தேதி வாரியாக ஃபோல்டர் போட்டால் மோதல் மேலும் குறையும். ஆனால் விண்டோஸ் தரும் தேதி அந்தந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. இந்திய அமைப்பில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வரும். அமெரிக்க அமைப்பில் கிழமை முன்னே நிற்பதோடு நடுவில் சாய்கோடும் இருக்கும். சாய்கோடு கோப்புப் பெயரில் ஆகாது. எனவே ஓடப்போகும் கணினியில் தேதி எப்படி வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ப எழுத்துகளை வெட்டி, ஆண்டு முன்னால் வரும்படி அடுக்கினால்தான் ஃபோல்டர்கள் கால வரிசையில் நிற்கும்.

கடைசி வரியில் பாஸ் கட்டளையை வைத்துவிட்டேன். கறுப்புத் திரை உடனே மூடிக்கொள்ளாமல் நிற்பதால், எந்தப் படமாவது நகலாகாமல் போயிருந்தால் அந்தப் பெண்ணே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.