சாயம் பூசாமல் கல்லீரலைப் படிப்பது: ஓர் ஆய்வு மாணவியின் அனுபவம்

நான் படித்தது இயற்பியல். சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது கிடைத்த தலைப்பு கொழுப்புக் கல்லீரல். வீட்டில் இதை விளக்கச் சிரமமே இல்லை. மாஸ்டர் செக்கப் போய்விட்டு வந்த யாராவது ஒரு பெரியப்பா ரிப்போர்ட்டை நீட்டி, "கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்னு போட்டிருக்கு, இது என்ன கண்ணு?" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்வது சுலபம். நான் அதை எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்வதுதான் கஷ்டம்.

கல்லீரல் தானாகவே ஒளிரும். சுமார் 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியை ஒரு மெல்லிய சீவலின் மேல் விட்டால், அது நீலத்திலிருந்து மஞ்சள் வரை ஒளியைத் திருப்பித் தரும். சாயம் எதுவும் வேண்டாம். இந்த வழிக்குப் புதிதாக வருகிறவர்கள் கொழுப்புதான் ஒளிர்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. ஒளிர்வதில் பெரும்பங்கு செல்லின் எரிசக்தி வேலையில் இருக்கும் என்ஏடிஎச், எஃப்ஏடி ஆகியவற்றுக்கும், சேமித்து வைத்த வைட்டமின் ஏ-க்கும், வயதான செல்லில் கசடாகத் தேங்கும் லிப்போஃபஸ்சினுக்கும், தழும்பு நாரான கொலாஜனுக்கும் உரியது. கொழுப்பு சேரும்போது இவற்றின் அளவும் இடமும் மாறுகின்றன. அந்த மாற்றத்தைத்தான் படிக்கிறோம். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கெட்டுப்போகும். அதனால் வரும் நிறமாலையில், அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற வரைபடத்தில், நோய் பாதி, நாம் அந்தத் திசுவைக் கையாண்ட விதம் பாதி. இதைப் பிரிக்கத் தெரிவதுதான் இந்த ஆய்வில் முக்கால்வாசி வேலை என்பது என் கட்சி.

ஆய்வு எலிகளின் கல்லீரலில்தான். ஆனால் எடுத்த எடுப்பில் எலியைத் தொட விடமாட்டார்கள், விடவும் கூடாது. முதலில் ஆட்டு ஈரலில் கை பழகினேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கறிக்கடையில் விடியற்காலையிலேயே போய் நிற்பேன். கடைக்கார அண்ணன், "கறி வேண்டாமா, வெறும் ஈரல் மட்டும் போதுமா கண்ணு? சுவரொட்டி வேணா சும்மா தரேன், ரத்தம் ஊறும்" என்பார். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கள்ள நோட்டு பார்க்கும் டார்ச்சை இருட்டில் அடித்தால் ஈரல் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் தெரியும். ரத்தம் ஒளியை விழுங்கிவிடுகிறது. ஹீமோகுளோபின் 415 நானோமீட்டருக்குப் பக்கத்தில் மிக வலுவாக உறிஞ்சும். ஆனால் நறுக்கிய இடத்தில் ரத்தக் குழாயின் சுவர் மட்டும் வெளிர்நீல வளையமாகத் தெரியும். அது கொலாஜன். புத்தகத்தில் நான் படித்திருந்த எந்த வரைபடத்தையும்விட அந்த வளையம் எனக்கு நன்றாகப் புரியவைத்தது.

அப்புறம் அனுமதி. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பாய் என்று எல்லாவற்றுக்கும் காரணம் எழுத வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் நியாயமான அலுப்பு.

எலிக்குக் கொழுப்புக் கல்லீரல் வரவைக்க, உணவு விஷயத்தில் இரண்டு வழி உண்டு. மெத்தியோனின், கோலின் என்ற இரண்டு சத்துகளும் இல்லாத தீவனம் கொடுத்தால் கல்லீரலில் சில வாரங்களிலேயே கொழுப்பு ஏறிவிடும். கோலின் இல்லாமல் கொழுப்பை மூட்டை கட்டி ரத்தத்துக்கு அனுப்ப முடியாது, அதனால் அங்கேயே தேங்குகிறது. ஆனால் அந்த விலங்கு எடை குறைந்து மெலியும். பெரியப்பாவின் தொப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் மெதுவாக வேலை செய்யும் அதிகக் கொழுப்புத் தீவனத்தையே எடுத்துக்கொண்டோம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: கொழுப்புத் தீவனம் தின்னும் குழு, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் குழு என்று இரண்டு குழுவுக்கும் தீவனத்தில் வைட்டமின் ஏ சமமாக இருக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கையில் கிடைத்த சாதாரணத் தீவனத்தைப் போட்டுவிட்டால், கடைசியில் அளப்பது நோயையா தீவனத்தையா என்றே சொல்ல முடியாது.

கல்லீரலை எடுத்ததும் சலைன் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றிவிட்டு, உடனே உறைய வைக்க வேண்டும். ஆக்சிஜன் நின்ற கணத்திலிருந்து என்ஏடிஎச் கூடத் தொடங்கும், எஃப்ஏடி மங்கத் தொடங்கும். தாமதித்தால் விகிதமே மாறிவிடும். நேரடியாகத் திரவ நைட்ரஜனில் போட்டால் திசு விரிசல் விடும். எனவே ஐசோபென்டேன் என்ற திரவத்தை அதில் குளிரவைத்து, அதற்குள் அமுக்குகிறோம். திசுவை மெழுகில் பதித்து வெட்டும் வழக்கமான பாரஃபின் முறைக்கு இங்கே வேலையில்லை. ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், துளி இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். ஃபார்மலின் வேறு தன் பங்குக்கு ஒளிர்வைக் கூட்டும். திரவ நைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்று ஜூனியர்கள் கேட்பார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற கால்நடை மருத்துவர்களிடம் விசாரியுங்கள். உறைவிந்து குச்சிகளைப் பாதுகாப்பதே அதில்தான், அவர்களுக்கு அது வந்து இறங்கும் வழி தெரியும்.

அளவீட்டில் என்னை அதிகம் படுத்தியதும் அதிகம் கவர்ந்ததும் வைட்டமின் ஏ. புற ஊதா பட்டதும் நீலப்பச்சையாக ஒளிரும், நீங்கள் குவியத்தைத் திருகிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகளில் மங்கிவிடும். அதனால் இடத்தைத் தேடுவது, குவியம் சரிசெய்வது எல்லாம் சாதாரண வெள்ளை ஒளியில். கேமரா ஓடத் தொடங்கிய பிறகுதான் புற ஊதா ஷட்டரைத் திறக்க வேண்டும். மங்குவதே அதன் அடையாளமும்கூட. முதல் படத்திலிருந்து கடைசிப் படத்தைக் கழித்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி வைட்டமின் ஏ. மங்காமல் நிற்கும் மஞ்சள் புள்ளிகள் லிப்போஃபஸ்சின்.

இந்த வைட்டமினை வைத்திருக்கும் நட்சத்திர வடிவ செல்களை 1876-லேயே ஜெர்மனியில் குப்ஃபர் பார்த்துவிட்டார். கல்லீரல் தொடர்ந்து அடிபடும்போது இதே செல்கள் வைட்டமின் ஏ-யை இழந்து, கொலாஜன் நூற்க ஆரம்பிக்கின்றன. தழும்பு அங்கிருந்துதான் வருகிறது. ஒரே சீவலில் மங்கும் ஒளி குறைவதையும் மங்காத நீல நார்கள் கூடுவதையும் சேர்த்துப் பார்க்க முடிகிறதே, இதற்காகவே எத்தனை சீவல் வேண்டுமானாலும் வெட்டலாம். கொழுப்பு எங்கே என்பதைப் பக்கத்துச் சீவலில் ஆயில் ரெட் ஓ சாயம் போட்டு உறுதிசெய்துகொள்கிறேன். தலைப்பில் சாயம் இல்லை என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

ஒளிர்வின் ஆயுளை, அதாவது அது எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்பதை, அளக்கும் நுண்ணோக்கி எங்களிடம் இல்லை. அதனால் தெர்மகோல் பெட்டியில் உலர்பனி போட்டு, திசுவைப் பெங்களூர் பஸ்ஸில் எடுத்துப்போனேன். மூடி ஓரத்தில் புகை கசிவதைப் பார்த்துக் கண்டக்டர், "மீனாம்மா? நாத்தம் அடிக்குமே" என்றார். மீன் இல்லை என்றேன். ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். உலர்பனிக்கு அதுதான் நல்லது, கரியமில வாயு வெளியே போகும். அங்கே எடுத்த அளவீட்டில் தனியாக இருக்கும் என்ஏடிஎச் சுமார் 0.4 நானோவிநாடியிலும், புரதத்தோடு ஒட்டியது 2 நானோவிநாடிக்கு மேலும் அணைவதைப் பிரித்துப் பார்க்கலாம். நிறத்தில் ஒன்றின் மேல் ஒன்று கிடப்பவை நேரத்தில் விலகி நிற்கின்றன.

நிறமாலையை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 366-இல் தூண்டினால் 418 பக்கத்தில் தண்ணீரின் ராமன் சிகரம் வரும்; அது ஒளிர்வு இல்லை, தண்ணீர் சிதறடிக்கும் ஒளி. புது ஆள் அதைக் கொலாஜன் என்று எழுதிவிடுவார். தூண்டும் அலைநீளத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள், சிகரமும் கூடவே நகர்ந்தால் அது தண்ணீர். வெறும் கண்ணாடித் துண்டையும் உறைய வைக்கும் பசையையும் தனியாக அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 330-க்குக் கீழே போவதாக இருந்தால் குவார்ட்ஸ் துண்டுதான்.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் கேட்டார், "இதை நோயாளிக்கு எப்பம்மா செய்வீங்க?" புற ஊதா திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது, தோலுக்கு வெளியிலிருந்து கல்லீரலைப் பார்க்க வழியில்லை என்றேன். லேப்ராஸ்கோப்பி செய்யும்போதோ, ஊசி வழியாக ஒளியிழை நுழைத்தோ பார்க்கலாம். எடுத்த பயாப்ஸித் துண்டைச் சாயத்துக்கு அனுப்பும் முன் ஒரு பார்வை பார்க்கலாம். "அப்போ ஸ்கேனுக்குப் பதில் இல்லை" என்றார். இல்லைதான். ஸ்கேனில் கொழுப்பு ஓரளவு ஏறிய பிறகே தெரியும், செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியவே தெரியாது. எங்கள் கேள்வி அது. அவர் தலையாட்டிவிட்டு, ஒப்பீட்டுக் குழுவின் தீவனப் பட்டியலைக் கேட்டு வாங்கி, வைட்டமின் ஏ வரியைத்தான் முதலில் பார்த்தார்.