மகனின் பெயரில் வந்த போலிக் கணக்கு

என் மகனின் பெயரில் யாரோ திறந்த முகநூல் கணக்கை எடுப்பித்த பிறகு, அதே தலையிடியில் மாட்டிய தாய் தகப்பன்மார் சிலர் போன் எடுத்து விபரம் கேட்கிறார்கள். விசுவமடுவில் இருந்து ஒருவர், மல்லாவியில் இருந்து ஒருவர் என்று வந்துகொண்டே இருக்கிறது. எல்லாருக்கும் சொல்வதை எழுதியே வைத்துவிடலாம் என்று பட்டது. நான் இரணைமடுத் தண்ணியில் வயல் செய்கிற ஆள். கணினி படித்தவன் இல்லை.

தொடங்கியது வாணி விழாவில். மகனுக்கு 15 வயது, குரல் உடைகிற பருவம். மேடையில் தேவாரம் பாடும்போது உச்சத்தில் குரல் கிறீச்சிட்டுவிட்டது. யாரோ பிடித்த வீடியோவில் அந்த இடத்தை மட்டும் வெட்டி, சேவல் கூவுகிற சத்தத்தோடு ஒட்டி டிக்டொக்கில் போட்டார்கள். பிறகு அவன் வாய் பிளந்து நிற்கிற முகத்தை ஸ்டிக்கர் ஆக்கி வகுப்பு வட்ஸ்அப் குழுவில் விட்டார்கள். நாளைக்கு விஞ்ஞானம் இருக்கா என்று யாராவது கேட்டாலும் பதிலுக்கு அந்த முகம்தான். அதுவரைக்கும் பெடியளின் பகிடி என்று சொல்லலாம். அவனுடைய படத்தைப் போட்டு முகநூலில் கணக்குத் திறந்து, வகுப்புப் பிள்ளைகளுக்குக் காதல் செய்தி அனுப்பத் தொடங்கியதும் விசயம் வேறாகிவிட்டது. ஒரு பின்னேரம் பிள்ளை ஒன்றின் தமையன்மார் மோட்டார் சைக்கிளில் படலைக்கு வந்து நின்றார்கள். இவனுக்கு முகநூல் கணக்கே இல்லை என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் இருட்டிவிட்டது.

இவன் அப்போது சாப்பாடு குறைந்து, பள்ளிக்கூட நாள் விடியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். சனி ஞாயிறில் வயிறு நோகாது. இரவில் நித்திரை இல்லை. அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்காதே என்றால், "பார்க்காட்டி இன்னும் பயமா இருக்கு அப்பா" என்றான்.

சொந்தக்காரர் சொன்ன புத்திமதி இரண்டு. ஒன்று, போனைப் பறி. பறித்தால் ஆதாரமும் போகும், அடுத்த முறை ஏதும் நடந்தால் சொல்லவும் மாட்டான். மற்றது, "முள்ளிவாய்க்கால் தாண்டி வந்த சனம் நாங்கள், ஒரு போன் படத்துக்கு ஏன் உந்தப் பாடு?" என்பது. இதை வன்னியில் எந்த வீட்டிலும் கேட்கலாம். இவன் 2009க்குப் பிறகு பிறந்தவன். நாங்கள் பட்டதை அவனுக்கு முன்னால் வைத்து அளந்தால் அவன் பட்டதைச் சொல்ல இடமே இருக்காது. பங்கருக்குள் நாங்கள் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். இவனைப் பார்த்து ஒரு வகுப்பே சிரித்தபோது இவன் தனிய. அந்தக் கதையை என் வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன். எதையும் தடுக்கவோ அழிக்கவோ முன்னர் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். முகநூலில் படத்தை மட்டும் எடுத்தால் போதாது, அந்தக் கணக்கின் லிங்கையும் பிரதி எடுத்து வையுங்கள். போட்டவன் பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால், பெயரை மட்டும் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வட்ஸ்அப்பிலும் அனுப்பியவர் இரண்டு நாளுக்கு மேல் கழிந்த பிறகுகூட எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம், அதனால் ஆறுதலாக எடுப்போம் என்று இருக்கக் கூடாது. நாங்கள் திகதி, நேரம், யார் அனுப்பியது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். அதை எழுதியது மகன்தான். அது அவனுக்கு ஒரு பிடி கொடுத்தது என்று நினைக்கிறேன்.

முகநூல் கணக்கின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டால் முறையிடும் இடம் வரும். அதில் ஆள்மாறாட்டம் என்பதைத் தெரிவு செய்து, யாரைப் போல என்பதைக் காட்ட வேண்டும். நண்பரைப் போல நடிக்கிறார் என்று மற்றவர்களும் முறையிடலாம். கணக்கு இல்லாதவர்களுக்கு வேறு படிவம் உண்டு, அதில் அடையாள ஆவணத்தின் படம் கேட்பார்கள். தேசிய அடையாள அட்டை இன்னும் கைக்கு வராததால் பாடசாலை அட்டையைக் கொடுத்தோம். ஊரில் எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் அடிப்போம் என்று பெடியள் கிளம்பினார்கள். எத்தனை பேர் முறையிட்டார்கள் என்பதை வைத்து முகநூல் நீக்குவதில்லை. சரியான காரணத்தோடு போன முறைப்பாடு ஒன்றே போதும். கணக்குப் போனது.

டிக்டொக்கில் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக முறையிட வேண்டியிருந்தது. ஒன்றை எடுத்தால் இன்னொருவன் போடுவான். வட்ஸ்அப்பில் குழு அட்மின் நினைத்தால் யார் போட்டதையும் எல்லாருக்கும் அழிக்கலாம். வகுப்பாசிரியர் அட்மினாக இருந்தார், ஒரு இரவில் அழித்துத் தந்தார். போனில் ஏற்கெனவே சேமித்தவர்களிடம் ஸ்டிக்கர் இப்போதும் இருக்கும். அதற்கு வழி இல்லை.

எங்களுக்குத் தேவைப்படாத ஒன்றையும் சொல்கிறேன். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நிர்வாணப் படமோ, அப்படி மாற்றிச் செய்த படமோ பரவினால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் போகும், அதை வைத்து முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை தேடி நீக்கும். அப்படியான படத்தை ஆதாரம் என்றுகூட வேறொருவருக்கு அனுப்ப வேண்டாம்.

பொலிஸ் நிலையத்தில் முதலில் கதைத்தவர், "போனை ஓவ் பண்ணி வையுங்கோ, சரியாகிடும்" என்றார். சிறுவர் பெண்கள் பிரிவுக்குப் போகவேண்டும் என்று நின்று கேட்ட பிறகுதான் முறைப்பாடு எழுதினார்கள். அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மனைவி 1929க்கும் எடுத்தார். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். போலிக் கணக்குப் பற்றிய ஆலோசனைக்கு இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவின் 101 உண்டு.

செய்தது யார் என்று பிறகு தெரியவந்தது. பக்கத்து வாங்கில் இருப்பவன், அவனோடு இன்னொருவன். ஒருவனின் தகப்பனும் நானும் ஒரே வாய்க்காலில் தண்ணி பாய்ச்சுகிறவர்கள். வழக்கா சமாதானமா என்று பெரியாட்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் மகனிடம் கேட்டேன். நீதிமன்றம் வேண்டாம், அவங்கள் வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், திரும்ப எல்லாரும் என்னைப் பார்ப்பினம் என்றான். அப்படியே பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் முன் இரண்டு குடும்பமும் இருந்து கதைத்து, எழுத்தில் வாங்கினோம். மற்றப் பெடியன் அழுதான். அது நடிப்பா உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

வயிற்றுக்குத்துக்குப் போன வைத்தியசாலையில் டொக்டர் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்துவிட்டு மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதினார். "விசர் கிளினிக்குக்கோ பிள்ளையைக் கொண்டுபோறியள்?" என்று மாமி கேட்டா. அம்மா புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தா. நாங்கள் இரண்டுக்கும் போனோம். கிளினிக்கில் அவனைத் தனியாக இருத்திக் கதைத்தார்கள், நித்திரைக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்தார்கள். இரவில் அவசரமாக யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் 1926 என்று சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கு முதலில் அரை நாள் என்று போய், இப்போது முழு நாளும் போகிறான். பாடுவது மட்டும் நின்றுவிட்டது.

அவனிடம் இப்போதும் போன் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கிறது. இரவு 10 மணிக்குப் பிறகு கூடத்தில் சார்ஜில் கிடக்கும். என்னுடைய போனும் அங்கேதான் கிடக்க வேண்டும், அது அவன் போட்ட நிபந்தனை.