பொட் மெஷினுக்கு மாறுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய கணக்கு

இரண்டு 18650 பற்றரி (கழற்றி மாற்றக்கூடிய உருளை லித்தியம் பற்றரி) போட்ட பொக்ஸ் மொட் என்ற பெரிய இ-சிகரெட்டில் வருடக்கணக்காக இழுத்தவர்கள், லிக்விட் நிரப்பிய சிறு கூட்டை (பொட்) செருகி இழுக்கும் சின்னப் பொட் மெஷினுக்கு மாறும்போது, எத்தனை வொட், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் லிக்விட் போத்தலில் போட்டிருக்கும் நிக்கொட்டின் மில்லிகிராமைப் பாருங்கள்; அது ஒரு மில்லிலீற்றருக்கான அளவு.

பழைய செட்டப்பில் 0.2 ஓம் கொயில் (லிக்விட்டைச் சூடாக்கும் கம்பி), 60, 70 வொட், 3 மில்லிகிராம் லிக்விட். நாளொன்றுக்கு 10 மில்லிலீற்றர் முடிந்தாலும் அதில் இருக்கும் நிக்கொட்டின் 30 மில்லிகிராம்தான். பொட்டுக்கென்று விற்கும், 50 என்று போட்ட சோல்ட் லிக்விட்டில் (நிக்கொட்டின் உப்பு வடிவில் உள்ளது) 2 மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. அதோடு சோல்ட் தொண்டையில் குத்தாது. பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்திருப்பார்கள். பழைய லிக்விட்டில் அளவு கூடினால் தொண்டையே போதும் என்று நிறுத்திவிடும். இதில் அந்தத் தடுப்பு இல்லாததால் தலைச்சுற்று, குமட்டல், நெஞ்சுப் படபடப்பு வந்த பிறகுதான் கூடிப்போனது தெரியும். அப்படி வந்தால் உடனே நிறுத்துங்கள். வாந்தி விடாமல் எடுத்தால் டொக்டரிடம் போங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி உச்ச அளவே 20 மில்லிகிராம். 3 இல் திருப்தியாக இருந்தவருக்கு 10 தாராளமாகக் காணும். பாடுபட்டு 3 வரைக்கும் இறங்கி வந்தவர், மெஷின் மாறியதற்காகத் திரும்ப 50க்கு ஏறுவது பெரிய அநியாயம்.

இழுக்கும் விதமும் மாறவேண்டும். மொட்டில் நேரே நெஞ்சுக்கு இழுப்போம். 0.8 ஓம், 1.0 ஓம் பொட்டில் சிகரெட் மாதிரி முதலில் வாய்க்குள் எடுத்து, பிறகு உள்ளே விடவேண்டும். பலமாக இழுத்தால் லிக்விட் கொயிலுக்குள் வெள்ளமாக ஏறி, கரகரவென்று சத்தம் வந்து வாய்க்குள் தெறிக்கும்.

மிச்சமிருக்கும் 70/30 லிக்விட்டை (70 பங்கு வீஜி என்ற கிளிசரின், 30 பங்கு பீஜி என்ற புரொப்பிலீன் கிளைக்கோல்) 1.0 ஓம் பொட்டில் ஊற்றாதீர்கள். வீஜி கூடினால் தடிப்பு. சின்னத் துளையால் கொயிலோடு இருக்கும் பஞ்சுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது, பஞ்சு கருகும். அதற்கு 50/50 தான் சரி. 0.4 ஓமும் அதற்குக் கீழும் உள்ள மெஷ் (வலைத்தகடு) கொயிலுக்கு 70/30 ஒத்துவரும். கொழும்பு வெக்கையில் 50/50 இன்னும் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மெஷினை விட்டால் பொட்டின் அடியால் கசியும், பற்றரிக்கும் கூடாது.

புதுப் பொட்டை நிரப்பியதும் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். வொட் மாற்றக்கூடிய மெஷின் என்றால் கொயிலில் எழுதியிருக்கும் ஆகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். கருகிய வாசம் ஒருமுறை வந்தால் அந்தக் கொயில் முடிந்தது, அதை இழுத்துத் தீர்க்கவேண்டாம். இனிப்புக் கூடிய லிக்விட் கொயிலைக் கெதியாகக் கறுக்கவைக்கும்.

பட்டன் இல்லாத மெஷினில் காற்றோட்டத்தை உணரும் சென்சர் இருக்கிறது. பொட்டின் அடியில் சேரும் ஈரம் அதற்குள் இறங்கினால் யாரும் இழுக்காமலே சூடாகும், அல்லது இழுத்தாலும் வேலை செய்யாது. நாளுக்கு ஒருமுறை பொட்டைக் கழற்றி, அடியையும் உள்ளே தெரியும் இரண்டு பின்களையும் உலர்ந்த ரிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். தானாகச் சூடானால் பொட்டை உடனே கழற்றிவிடுங்கள்.

சார்ஜுக்கு 5 வோல்ற், 1 அம்பியர் போதும். இரண்டு பக்கமும் சி-வகை உள்ள கேபிளில் சில மெஷின்கள் சார்ஜ் ஏறாது; அந்தத் துவாரத்துக்குள் போடவேண்டிய சின்ன ரெசிஸ்டர்களைக் கம்பனிக்காரர் மிச்சம்பிடித்திருப்பார்கள். பழுது என்று தூக்கிப்போடாமல், ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பியாக உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள்.

கழற்றி வைத்த 18650 களைச் சில்லறையோடு லாச்சிக்குள் போடாதீர்கள், ஷோர்ட் ஆகும். பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வையுங்கள். உறை கிழிந்திருந்தால் இலத்திரனியல் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். சோல்ட் போத்தல் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டியே இருக்கவேண்டும்.