பக்கெட்டுக்குப் பல் கட்டிய நான்கு வாரம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போகும் செம்மண் சடக்கை, போன வருடக் கடைசி மழை இரண்டு இடத்தில் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஆடித் திருவிழாவுக்குள் நிரப்பித் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன். என்னிடம் 34 குதிரைத் திறன் உள்ள பழைய ஜப்பான் டிராக்டர் இருக்கிறது. முன்னால் மண் அள்ளித் தூக்கும் லோடர், அதில் ஐந்தடி பக்கெட்டு. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் என் மூன்று ஏக்கர் செம்பனைக் காட்டில் மண் மேடு ஒன்றும் உண்டு. இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மேட்டில் பக்கெட்டு இறங்கவே இல்லை. ஜூன் வெயிலில் காய்ந்த செம்மண் அது. முதல் கியரில் மெதுவாக முட்டினால் விளிம்பு மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. கீழ்நோக்கி அழுத்தினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. மூன்று முறை முட்டி எடுத்தால் அரைப் பக்கெட்டு பொடி மண் வந்தது. அதற்குள் பின்சக்கரம் சுழன்று தரையில் குழி விழுந்துவிட்டது.

இந்த மண்ணின் குணமே அப்படி. இரும்புச் சத்து கூடிய மண், நனைந்திருக்கும்போது மண்வெட்டிக்கு அடங்கும், காற்றுப் பட்டுக் காய்ந்தால் கல்லாகும். பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிப்புரத்தில் இதே வகை மண்ணைப் பார்த்துவிட்டுத்தான், 1807-இல் வெளிவந்த தன் பயண நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். அங்கே மக்கள் அதைத் தரையிலிருந்து செங்கல் மாதிரி வெட்டி எடுத்து, காயவைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் செம்புராங்கல் என்கிறார்களே, அதுதான். வீடு கட்டும் அளவுக்கு இறுகும் மண்ணை, 1,500 மி.மீ. அகலமுள்ள மழுங்கிய விளிம்பை வைத்துத் தோண்டப் பார்த்திருக்கிறேன்.

மண் தோண்டும் பேக்ஹோ இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம்தான். ஆனால் எனக்கு வருடம் முழுக்க இந்த மண்ணோடு வேலை இருக்கிறது. கான் (வடிகால்) தூர் வார வேண்டும், பழைய செம்பனைத் தூர்களைச் சுற்றி வேர் அறுக்க வேண்டும், லாலாங் புல் பிடித்த ஓரங்களைக் கிளற வேண்டும். அதனால் பக்கெட்டின் வாயில் மாட்டிக் கழற்றக்கூடிய டூத்பார் ஒன்று செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். ஒரு தட்டை இரும்புப் பட்டை, அதில் வரிசையாகப் பற்கள், இரண்டு பக்கமும் போல்ட்டு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. பல் வந்தால் என்ன மாறும்? எட்டுப் பல், ஒவ்வொன்றின் நுனியும் 60 மி.மீ. என்றால் மண்ணில் முதலில் படுவது 480 மி.மீ. மட்டும். டிராக்டரின் அதே பலம் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் இறங்கும். நுனி உள்ளே போனதும் மண் விரிசல் விட்டுக் கட்டியாகப் பெயரும்.

முதல் வாரம் அளவெடுப்பதில் போனது. பக்கெட்டை வெளியே அளந்தால் ஐந்தடி, உள்ளே வாய்ப்பக்கத்தில் அளந்தால் 1,502 மி.மீ., பின்பக்கத்தில் 1,496. பட்டை உட்கார வேண்டியது வாய்ப்பக்கத்தில், அதுவும் உள்ளே. அதனால் 1,498 என்று வைத்துக்கொண்டேன். விளிம்பின் தடிப்பு 12 மி.மீ. பட்டைக்கும் 75க்கு 12 அளவுள்ள தட்டைக் கம்பியை எடுத்தேன்.

பற்களை ஈப்போவில் வாங்கினேன். ஈயச் சுரங்கக் காலத்திலிருந்தே அங்கே கனரக இரும்புச் சாமான்களுக்குக் குறைவில்லை. பேக்ஹோவுக்குப் போடும் சின்ன அளவுப் பல்லே போதும். பல் தனி, அதைத் தாங்கும் அடாப்டர் தனி, இரண்டையும் ஒரு இரும்புப் பின் பிடித்துக்கொள்ளும். பல் தேய்ந்தால் பின்னைத் தட்டிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். அடாப்டருக்குத் தவளை வாய் மாதிரி மேல் நாக்கு, கீழ் நாக்கு என்று இரண்டு உண்டு. அந்த வாயின் திறப்பு 25 மி.மீ. இருப்பதாகப் பார்த்து எடுத்தேன். பட்டை 12, பக்கெட்டு விளிம்பு 12, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே போய் 1 மி.மீ. மிஞ்சும். பட்டையை மேல் நாக்கோடு மட்டும் வெல்டிங் வைப்பது. கீழ் நாக்கு விளிம்புக்கு அடியில் சும்மா நழுவி நுழையும். ஓர் அடாப்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 200 மி.மீ. வந்தது.

இரண்டாவது வாரம் வெல்டிங். ரப்பர் பால் ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் பழைய லயத்துக்காரர். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அவருடைய கொட்டகையில்தான் வேலை நடந்தது. டிராக்டரில் வைத்தே வெல்டிங் அடித்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கரண்ட்டு லோடர் மூட்டுகளிலுள்ள இரும்புப் பின், புஷ் வழியாகப் பாய்ந்தால் அவை கெடும், பேட்டரிப் பக்கமும் ஆபத்து. மேசையில் வைத்துச் செய்தோம். அடாப்டர் சாதாரண இரும்பு இல்லை, கடினமான வார்ப்பு எஃகு. சூடு காட்டாமல் ஒட்டினால் ஆறும்போது ஒட்டின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழும். கேஸ் டார்ச்சால் 150 டிகிரி வரை சூடாக்கிவிட்டுத்தான் வெல்டிங் ராடை வைத்தார். ராடு 7018 ரகம். அதன் மேல்பூச்சு ஈரம் இழுத்துவிட்டால், அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜனே வெடிப்புக்குக் காரணமாகிவிடும். நம் ஊர்க் காற்றில் பெட்டியைப் பிரித்து வைத்த ராடு சீக்கிரம் கெடும். திரும்ப உலர்த்த 300 டிகிரிக்கு மேல் சூளை வேண்டும். அதனால் கொட்டகையில் கிடந்த பழைய ராடை அவர் தொடவே இல்லை, புதுப் பொட்டலம் வாங்கிவரச் சொன்னார்.

பட்டையை ஒரு ஐ-பீமோடு ஐந்து இடத்தில் ஜி கிளாம்ப் போட்டு இறுக்கி, முதலில் எல்லாவற்றையும் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து நிறுத்தி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றி ஒட்டினோம். அப்படியும் கழற்றியபோது பட்டை 3 மி.மீ. வில்லாக வளைந்திருந்தது. மறுநாள் நிமிர்த்தினோம். இரண்டு முனையிலும் 10 மி.மீ. தகட்டில் காது வைத்து, ஒவ்வொன்றிலும் 17 மி.மீ. துளை இரண்டு போட்டோம். போல்ட்டு எம்16, அதாவது 16 மி.மீ. தடிப்பு, தலையில் பலத்தின் தரம் 8.8 என்று பொறித்தது.

மூன்றாவது வாரம்தான் இந்த வேலையின் உண்மையான பாடம். பக்கெட்டில் மாட்டிப் பார்த்தேன், உள்ளே போய் நின்றது. நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நம்பி, துளை போட்டு, போல்ட்டு முடுக்கி, மேட்டுக்குப் போனேன். பல் மண்ணில் இறங்கியது! ஒரே முட்டில் பக்கெட்டு நிறைந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் வலப்பக்கத்து முன் துளை முட்டை வடிவமாக, 20 மி.மீ. வரை நீண்டிருந்தது.

அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, போல்ட்டு பிடிச்சுக்கத்தான். முட்டு வாங்க வேண்டியது விளிம்பு. உள்ள விளிம்பு எங்கயாவது தொடுதா பாருங்க” என்றார்.

டார்ச் லைட்டு அடித்துப் பார்த்தேன். எட்டு அடாப்டரில் ஒன்றின் தொண்டைகூட (இரண்டு நாக்கும் சேரும் உட்பகுதி) விளிம்பைத் தொடவில்லை, 6 மி.மீ. இடைவெளி. பக்கெட்டின் பக்கத் தகடும் அடித் தகடும் சேரும் மூலையில் தொழிற்சாலை வைத்த வெல்டிங் மேடாக இருக்கிறது. பட்டையின் காதுகளின் கீழ்முனை அதில் முட்டி நின்றுவிட்டது. காது அங்கே முட்டி நின்றதைத்தான் பட்டை முழுதும் உள்ளே போனதாக நான் நினைத்துவிட்டேன். டிராக்டர் தள்ளும் பலம் அத்தனையும் நாலு போல்ட்டில் ஏறியிருக்கிறது.

காதின் கீழ்முனையைக் கிரைண்டரில் சரிவாக வெட்டி எடுத்தேன். மறுபடி மாட்டினால் நடுவில் நாலு அடாப்டர் நன்றாக முட்டுகிறது, ஓரங்களில் இன்னும் 4 மி.மீ. வெளிச்சம் தெரிகிறது. பழைய பக்கெட்டு அல்லவா, மூலைகள்தான் முதலில் தேயும். ஒரு சட்டத்தை வைத்துப் பார்த்தபோது விளிம்பே நேராக இல்லை என்று தெரிந்தது. ஓரத்து நாலு அடாப்டரின் தொண்டையிலும் அதற்கேற்ற தடிப்பில் தகட்டுத் துண்டு வைத்து ஒட்டினோம். சுண்ணாம்புக்கட்டியை விளிம்பில் தடவி, மாட்டிக் கழற்றி, எட்டுத் தொண்டையிலும் வெள்ளை ஒட்டும் வரை தேய்த்தேன். அதற்கே ஒரு பகல் போனது. டூத்பார் செய்கிறவர்கள் வேறெதில் அவசரப்பட்டாலும் இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

முட்டையான துளையையும் மற்ற மூன்றையும் வெல்டிங்கால் அடைத்துத் தேய்த்துவிட்டு, புதிதாகத் துளை போட்டேன். இந்த முறை முதலில் இரண்டு ராட்செட் பெல்ட்டுகளால் பட்டையைப் பக்கெட்டின் முதுகோடு சேர்த்து இழுத்து இறுக்கிவிட்டேன். பட்டை விளிம்பில் அழுந்தி இருக்கும்போதே காதின் துளை வழியாகப் பக்கத் தகட்டில் அடையாளம் வைத்துப் பொட்டு அடித்தேன். 5 மி.மீ. பிட்டில் தொடங்கி, 10, பிறகு 17. பெரிய பிட்டுக்கு வேகம் கூடாது, நிமிடத்துக்கு 400 சுற்றைத் தாண்டவிடாமல், எண்ணெய் விட்டுக்கொண்டே போட்டேன். சுருள் சுருளாக இரும்பு வந்தால் சரியாக வெட்டுகிறது என்று அர்த்தம். தூளாகி, புகை வந்தால் நிறுத்த வேண்டும். பிட்டு மறுபக்கம் வெளிவரும் நொடியில் டிரில் மெஷின் கையை முறுக்கப் பார்க்கும், பக்கக் கைப்பிடி இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. பக்கெட்டைத் தரையில் படுக்கவைத்து, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகே எல்லா வேலையும். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் போல்ட்டுகளை 200 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன்.

நான்காவது வாரம் மேட்டில் இரண்டு முழு நாள் ஓட்டினேன். சத்தம் இல்லை, துளை அசையவில்லை. பக்கெட்டைத் தரைக்கு மட்டமாக வைக்காமல் நுனி சற்றே கீழே பார்க்கும்படி வைத்து, லோ கியரில் தள்ளி, பல் இறங்கியதும் பக்கெட்டைச் சுருட்டினால் மண் தானாகப் பெயர்ந்து வருகிறது. வேகமாக ஓடிவந்து முட்டத் தேவையே இல்லை. முட்டினால் லோடர் கைதான் வளையும். பல் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும் என்பதால் முன்பைவிட இப்போது அந்த ஆபத்து அதிகம். டூத்பார் மட்டும் 41 கிலோ. தூக்கும் அளவில் அது குறையும், முன் ஆக்சிலிலும் ஏறும். அதனால் பாதி டிரம்மில் காங்கிரீட் ஊற்றி, 240 கிலோ வரும், பின்னால் மாட்டிக்கொண்டேன். பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வது நின்றது.

ஒன்று சொல்ல வேண்டும். மேட்டின் ஓரத்தில் ஒரு பல் எதையோ கொக்கி மாதிரி பிடித்து இழுத்தது. துருப்பிடித்த இரும்புக் குழாய். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வந்த குழாய் அது. லயத்தை உடைத்து எத்தனையோ வருடமாகிவிட்டது, குழாய் மட்டும் மண்ணுக்குள் இருந்திருக்கிறது. அதன் முனையிலிருந்த பொதுக் குழாயடியில்தான் அம்மா விடியற்காலையில் வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போவார். கொஞ்ச நேரம் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெறும் விளிம்பாக இருந்தால் பக்கெட்டு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். பல் அப்படி விடாது. உயிருள்ள தண்ணீர்க் குழாயோ கேபிளோ ஓடும் இடத்தில் இதை இறக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சடக்கில் மண்ணைக் கொட்டிய பிறகு டூத்பாரைக் கழற்றிவிட்டேன். பல்லோடு பின்னால் இழுத்து மட்டம் பண்ணப் பார்த்தால் சீப்பு வாரிய மாதிரி கோடு விழுகிறது, மழைத் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே ஓடி மறுபடி அரிக்கும். நாலு போல்ட்டு, இரண்டு ஆள், பத்து நிமிடம். வெறும் விளிம்பால் பின்னிழுத்து, நடுவை உயர்த்தி, இரண்டு பக்கமும் கானுக்குச் சரிவு கொடுத்தேன். காவடிக்காரர்கள் வெறுங்காலில் நடக்கும் பாதை, அதனால் பெரிய கல்லையெல்லாம் கையால் பொறுக்கிப் போட்டோம்.

ஓரத்துப் பல் இரண்டும் மற்றவற்றைவிட 5 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருக்கின்றன. திருவிழா முடிந்து கான் வேலை தொடங்கும்போது அவற்றை நடுவிலுள்ள இரண்டோடு மாற்றிப் போடப் போகிறேன்.