கடலில் போங்கள், தரையில் திரும்புங்கள்: சியாட்டில் – விக்டோரியா – டவாசன்

ஊர் திரும்பிப் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். பாதி சந்தோஷம், பாதி ஒரு ஹோட்டல் பில். இரண்டும் வரும்.

சியாட்டிலிலிருந்து கிளம்பி ஒலிம்பிக் தீபகற்பம், போர்ட் ஏஞ்சலஸில் காரோடு கப்பல் ஏறிக் கனடாவின் விக்டோரியா, அங்கிருந்து இன்னொரு கப்பலில் வான்கூவர் பக்கத்து டவாசன், பிறகு தரை வழியாக எல்லை தாண்டி வீடு. எனக்குத் தெரிந்தவர்களில் பலர் இதே வட்டத்தைத் தலைகீழாகத்தான் போகிறார்கள். வேண்டவே வேண்டாம். தரைவழி எல்லையான பீஸ் ஆர்ச்சில் பத்து நிமிடத்தில் விட்டாலும் விடுவார்கள், நீண்ட வாரக்கடைசியில் இரண்டு மணி நேரம் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு நேரம் குறித்த கப்பல் ஒன்று காத்திருந்தால் வரிசையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் வயிற்றில் புளியைக் கரைக்கும். போகும்போது கடல், வரும்போது தரை என்று வைத்துக்கொண்டால் எல்லையில் எவ்வளவு நின்றாலும் தவறவிட எதுவும் இல்லை. வீட்டுக்குத்தானே போகிறோம்.

திட்டத்தை போர்ட் ஏஞ்சலஸ் கப்பலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கிருந்து கார் ஏற்றிக்கொண்டு போவது கோஹோ என்ற ஒரே கப்பல்தான். 1959லிருந்து ஓடுகிறது. கோடையிலேயே ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். ஜனவரியில் பராமரிப்புக்காகச் சில வாரம் நின்றும் போகும். இதில் இடம் உறுதியான பிறகுதான் ஹோட்டல் பக்கமே போக வேண்டும். டவாசன் கப்பல் அப்படியில்லை. நாள் முழுக்க ஓடுகிறது, ஒன்று போனால் அடுத்தது. ஆனாலும் வாரக்கடைசி என்றால் முன்பதிவு செய்யுங்கள். கூட்டமில்லாத நேரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் விலை குறைகிறது. வண்டியின் நீளம், உயரம் இரண்டையும் கேட்பார்கள். கூரைமேல் பெட்டி வைத்திருந்தால் அதையும் சேர்த்து அளந்து வையுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் விசா. கிரீன் கார்டு இருந்தால் பாஸ்போர்ட்டையும் கார்டையும் காட்டினால் போதும். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் இந்தியர்களுக்குக் கனடா விசா கட்டாயம்: ஆளுக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. அம்மாவும் கூட வந்ததால் அவருக்கும் சேர்த்துக் கட்டினேன். பயணச் செலவில் முதல் அடி கார் நகர்வதற்கு முன்பே விழுந்துவிட்டது.

அதனால் மீதி இடத்தில் கொஞ்சம் கஞ்சத்தனம். சியாட்டில் துறையிலிருந்து பெயின்பிரிட்ஜ் தீவுக்குப் போகும் படகை விட்டுவிட்டு டகோமா சுற்றிப் போனேன். டகோமா நேரோஸ் பாலத்தில் கிழக்கே வரும்போது மட்டும்தான் சுங்கம், மேற்கே போக இலவசம். நம் வட்டத்தில் அந்தப் பக்கம் திரும்பி வரப்போவதே இல்லை! நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. ஏற்கெனவே இரண்டு கப்பல் இருக்கும் பயணத்தில் மூன்றாவது எதற்கு என்பது என் கட்சி. மகளுக்கு இதில் உடன்பாடு இல்லை.

அடுத்து ஹூட் கெனால் பாலம். தண்ணீரில் மிதக்கிற பாலம் இது. 1979 பிப்ரவரிப் புயலில் இதன் மேற்குப் பாதி மூழ்கியே போனது, திரும்பக் கட்டித் திறந்தது 1982ல். பக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பல் தளம் இருப்பதால், அவை வந்தால் பாலத்தைத் திறந்து சாலையை மூடிவிடுவார்கள். எங்களுக்கும் மூடினார்கள். எல்லோரும் இன்ஜினை அணைத்துவிட்டுச் சாலையில் இறங்கி நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கப்பல் நேரத்தைக் கணக்குப் போடும்போது ஒரு மணி நேரமாவது இதற்காக ஒதுக்கி வையுங்கள்.

போர்ட் ஏஞ்சலஸ் பக்கத்து ஹரிக்கேன் ரிட்ஜ் மலைமேல் போக வண்டிக்கு 30 டாலர். கொடுக்கலாம், தாராளமாக. ஒரு பக்கம் பனி மூடிய சிகரங்கள், கொஞ்சம் ஏறி நடந்தால் மறுபக்கம் நீரிணையும் அதற்கப்பால் கனடாவும். மேலே இருந்த பழைய விடுதி 2023 மே மாதம் எரிந்துபோனது. சாப்பாட்டை நம்பி ஏறாதீர்கள்.

எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அம்மா விடியற்காலையிலேயே புளியோதரை கட்டியிருந்தார். அதைத் திறந்தது மறுநாள், கோஹோவில்.

இந்தக் கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். உள்ளே கார் ஏற்றுவதே ஒரு வேடிக்கை. ஊழியர் ஒருவர் எதிரே நின்று இரண்டு விரலை மட்டும் அசைத்து, அங்குலம் அங்குலமாகக் கூப்பிடுகிறார். பக்கத்து வண்டியின் கண்ணாடிக்கும் என் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை நுழையலாம், அவ்வளவுதான். கதவைப் பாதி திறந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் நழுவி வெளியே வர வேண்டும். அம்மாவை முன்கூட்டியே இறக்கிவிட்டது நல்லதாகப் போயிற்று. "டேய், கார் கப்பலுக்குள்ள போறதைப் பாத்தாச்சு, ஊர்ல போய்ச் சொல்ல இது போதும்" என்றார்.

ஒன்றரை மணி நேரம். மேல்தளத்தில் காற்று முகத்தில் அறைகிறது. வாழை இலை இல்லை, அலுமினியத் தாளைப் பிரித்த அடுத்த நொடி அதன் ஓரம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டோம். ஊறிய புளியும் வறுத்த வேர்க்கடலையும் அந்தக் குளிரில் இறங்கிய மாதிரி எந்த உணவகச் சாப்பாடும் இந்தப் பயணத்தில் இறங்கவில்லை. நடுக்கடலில் மனைவியின் போன் 'கனடாவுக்கு வரவேற்கிறோம்' என்றது. எல்லை எங்கே என்று தண்ணீரைத் துழாவிப் பார்த்தாள் மகள்.

விக்டோரியாவில் கப்பலிலிருந்து கார் நேராக இறங்குவது அதிகாரியின் ஜன்னலுக்குத்தான். எத்தனை நாள், மது, துப்பாக்கி, சாப்பாடு ஏதாவது? புளியோதரை மிச்சம் என்று உள்ளதைச் சொன்னேன். "ரைஸ்?" என்றார். ஆமாம். போகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்த ஹோட்டல். பெயர் வேண்டாம். இணையத்தில் காட்டிய விலை மலிவு, அதுவும் கனடிய டாலர் என்று பார்த்து மகிழ்ந்தோம். சாவி கொடுக்கும்போது பார்க்கிங் தனி, ஒரு இரவுக்கு 30 டாலர் என்கிறார்கள். அதற்கு மேல் வரி, வரிக்கு மேல் இன்னொரு கட்டணம். காரோடு கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் நிறையப் பேர் உள்ள ஊரில் பார்க்கிங்கை ஒளித்துவைத்து விற்பது பகல் கொள்ளை. வாதாடிப் பார்த்தேன், அந்தப் பையன் சிரித்துக்கொண்டே கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். பதிவு செய்யும்போதே பார்க்கிங் உட்பட மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நல்லவேளையாக ஊர் அழகு. 1908ல் திறந்த எம்ப்ரஸ் ஹோட்டலை வெளியே நின்று பார்க்கக் காசு வேண்டாம். இரவில் சட்டமன்றக் கட்டடம் விளிம்பெல்லாம் விளக்கேற்றி நிற்பதும் இலவசம். ஃபிஷர்மேன்ஸ் வார்ஃபில் ஹாலிபட் மீன் வறுவல் சாப்பிட்டோம். மேல்மாவு மொறுமொறு, உள்ளே மீன் வெள்ளையாக ஏடு ஏடாகப் பிரிந்தது. கடற்புறா ஒன்று மகளின் கையிலிருந்த உருளைக்கிழங்கைத் தட்டிப் பறித்துக்கொண்டது. புட்சார்ட் தோட்டம், பழைய சுண்ணாம்புக்கல் குவாரியைத் தோட்டமாக்கியது, அருமைதான். ஆனால் நாலு டிக்கெட் விலையைப் பார்த்தால் பூக்களே கொஞ்சம் வாடித் தெரியும்.

டவாசன் கப்பல் கிளம்பும் ஸ்வார்ட்ஸ் பே துறைக்கு அரை மணி முன்னாலாவது போய்விடுங்கள், தாமதித்தால் முன்பதிவு செல்லாது. டவாசனுக்கு 95 நிமிடம். உள்ளே உட்கார்ந்து போனைப் பார்க்காதீர்கள். கேலியானோ, மேய்ன் தீவுகளுக்கு நடுவே ஆக்டிவ் பாஸ் என்ற குறுகலான வாய்க்கால் வரும். அவ்வளவு பெரிய கப்பல் ஒலி எழுப்பிக்கொண்டு வளைந்து நுழையும்போது இரண்டு பக்கமும் மரமும் பாறையும் கைக்கெட்டும் தூரத்தில் வருகிற மாதிரி இருக்கும். இந்த ஒரு கட்டத்துக்கே டிக்கெட் பணம் சரி.

டவாசனிலிருந்து சர்ரே போய்த் தோசை சாப்பிட்டோம். கடையில் பச்சைக் கறிவேப்பிலை கட்டுக் கட்டாக இருந்தது. அம்மா எடுத்தே விட்டார். திரும்ப வைக்கச் சொன்னேன். எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால், நோய் பரப்பும் பூச்சி வந்துவிடும் என்று அமெரிக்க எல்லையில் பிடுங்கிவிடுவார்கள். அம்மாவுக்கு இன்னும் மனது ஆறவில்லை.

எல்லைக்குப் போகும் வழியில் மின்பலகையில் காத்திருப்பு நேரம் காட்டுகிறார்கள். பீஸ் ஆர்ச்சில் கூட்டம் அதிகமாக இருந்தால் சற்றுக் கிழக்கே பசிபிக் ஹைவே எல்லை இருக்கிறது, நாங்கள் அங்கேதான் திரும்பினோம். கனடாவில் பெட்ரோல் லிட்டர் கணக்கு, பார்க்க மலிவாகத் தெரியும். 3.785ஆல் பெருக்கினால்தான் கேலன் விலையும் நெஞ்சுவலியும் வரும். போர்ட் ஏஞ்சலஸில் டேங்க்கை முழுக்க நிரப்பிக்கொண்டு போனால், எல்லை தாண்டியதும் பிளெய்னில் நிரப்பும் வரை தாராளமாகத் தாங்கும்.